அளந்து வாங்குவோம்



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வகுப்பறையில் நின்று பேசிப் பழகியவன் நான். எதிரே முகங்கள் இல்லாமல், ஓர் ஒலிவாங்கியை மட்டும் நோக்கிப் பேசுவது எனக்குச் சற்றுப் புதுமையாகவே இருக்கிறது. ஆயினும், கடைசிப் பலகையில் அமர்ந்து சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன் எப்போதும் உண்டு. அவனையும் திரும்பிப் பார்க்கச் செய்வதே ஆசிரியன் தொழில். அவனை மனத்தில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பழைய கார் ஒன்றை விலக்கிவிட்டு மின்சாரக் கார் வாங்க எண்ணும் ஒருவன், போட்டியிடும் பல கார்களை எவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதாகும். "கார் வாங்கும் வயதா எங்களுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். இன்று வீட்டில் எந்தப் பொருள் வாங்குவதானாலும் பெரியவர்கள் முதலில் உங்களைத்தான் கேட்கிறார்கள். கைப்பேசியை எடுத்து இரண்டு நிமிடத்தில் பட்டியல் போட்டுத் தருபவர்கள் நீங்கள்தாம். ஆகவே, வாங்குகிறவர் தந்தையானாலும், தீர்ப்புச் சொல்லுகிறவர் பெரும்பாலும் மகனோ மகளோதான். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு வந்துவிட்டால், அளக்கும் கலையையும் கற்றாக வேண்டும்.

என் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறேன். நான் வசிப்பது திண்டுக்கல்லில். 2010ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் இருந்தது. 2025ஆம் ஆண்டில் அதற்குப் பதினைந்து ஆண்டு நிறைந்தது. பதினைந்து ஆண்டு ஆன சொந்தக் காரை மேலும் ஓட்ட வேண்டுமானால், அதைச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பழுது பார்க்கும் செலவோ ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வந்தது. போதாக்குறைக்கு, என் துணைவியாருக்கு முழங்கால் மூட்டு தேய்ந்து, மாதம் இருமுறை மதுரைக்கு மருத்துவரிடம் சென்று வர வேண்டியிருந்தது. வழியில் நின்றுவிடும் காரில் நோயாளியை அழைத்துச் செல்ல முடியுமா? மாற்றுவது என்று முடிவு செய்தேன். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேரன், "தாத்தா, இனிமேல் பெட்ரோல் கார் வேண்டாம், மின்சாரக் கார்தான்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டான்.

அவன் மூன்று கார்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டியல் போட்டான். ஒன்று, 2024 ஆகஸ்டில் வெளிவந்த டாட்டா கர்வ். அதில் 55 கிலோவாட்-மணி மின்கலம் கொண்ட வகை. இரண்டாவது, 2025 ஜனவரியில் வெளிவந்த ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் கார். அதில் 42 கிலோவாட்-மணி மின்கலம் கொண்ட வகை. மூன்றாவது, 2024 செப்டம்பரில் வெளிவந்த எம்.ஜி. விண்ட்சர், அதன் மின்கலம் 38 கிலோவாட்-மணி. இருபது தலைப்புகள் வகுத்து, தலைப்புக்கு ஐந்து மதிப்பெண்ணாக நூற்றுக்கு மதிப்பெண் போட்டிருந்தான். கூட்டிப் பார்த்துவிட்டு, "கர்வ் கார்தான் முதலிடம்" என்றான்.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பிரேக்குக்கு ஐந்து மதிப்பெண். கூரையில் திறக்கும் கண்ணாடிக்கும் ஐந்து மதிப்பெண். பாதுகாப்புக்கு ஐந்து, பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கைக்கும் ஐந்து. "தம்பி, தமிழும் கணக்கும் ஓவியமும் தையலும் ஒரே மதிப்பெண் பெறும் தேர்வை எந்தப் பள்ளியில் பார்த்தாய்?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "வெவ்வேறு முக்கியத்துவம் உடையவற்றைச் சமமாக வைத்துக் கூட்டினால் வருகின்ற தொகை, கணக்கில் சரியாக இருக்கும், பொருளில் தவறாக இருக்கும். எது நமக்கு முக்கியம் என்பதைக் காரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, நம்மைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றேன்.

அதனால் முதல் வேலையாக, கார்க் கடைக்குப் போகாமல், ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மூன்று மாதம், அதாவது 91 நாள், எங்கள் பழைய கார் நாள்தோறும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று எழுதி வந்தோம். 12 நாள் கார் வெளியே புறப்படவே இல்லை. 66 நாள் ஊருக்குள்ளேயே 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஓட்டம். 7 நாள் சுற்றியுள்ள ஊர்களுக்கு 60 கிலோமீட்டர் அளவில். 6 நாள் மதுரைப் பயணம். போக வர, ஊருக்குள் சுற்றுவதும் சேர்த்து 150 கிலோமீட்டர். இவை தவிர, ஆண்டுக்கு இருமுறை கொடைக்கானலில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கும், இருமுறை சென்னைக்கும் போவது வழக்கம். எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். நோட்டுப் புத்தகத்தை மூடியபோது பேரனின் முகத்தில் ஒரு வியப்பு. "நாம் இவ்வளவு குறைவாகவா ஓட்டுகிறோம்?" என்றான். தன் தேவையைத் தானே அறியாதவனாகத்தான் மனிதன் பெரும்பாலும் கடைக்குப் போகிறான்.

இனி, மின்சாரக் காரை அளக்கும் அளவுகோல்களைப் பார்ப்போம். கிலோவாட்-மணி என்று விளம்பரங்களில் காண்பது வேறொன்றுமில்லை. உங்கள் வீட்டு மின்கட்டணத்தில் வருகிறதே யூனிட், அதுதான். ஆயிரம் வாட் அடுப்பு ஒன்று ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட். 38 யூனிட் மின்கலம் என்றால், 38 யூனிட் கொள்ளும் தொட்டி என்று பொருள். பெட்ரோல் தொட்டியை லிட்டரால் அளப்பதுபோல், இதை யூனிட்டால் அளக்கிறோம். இன்னொரு செய்தியும் கேளுங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். அப்படியானால், 38 யூனிட் என்பது நான்கு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான ஆற்றல்தான். நான்கு லிட்டரில் என் பழைய பெட்ரோல் கார் அறுபது கிலோமீட்டர் போவதே அரிது. மின்சாரக் காரோ இருநூறுக்கு மேல் போகிறது. காரணம் என்ன? பெட்ரோல் எஞ்சின் தான் உண்ணும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது; நான்கில் ஒரு பங்கு அளவுதான் சக்கரத்தைச் சேர்கிறது. மின்மோட்டாரோ பெரும்பகுதியைச் சுழற்சியாகவே மாற்றித் தருகிறது.

தொட்டியின் அளவு தெரிந்துவிட்டது. அதைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? இங்கேதான் மாணவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். கர்வ் காரின் 55 யூனிட் வகைக்கு மூன்று எண்கள் கூறப்பட்டன. 585 கிலோமீட்டர் என்பது ஓர் எண். 502 என்பது மற்றோர் எண். 400 முதல் 425 வரை என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே காரைப் பற்றியவை. மூன்றும் அதைச் செய்த நிறுவனமே வெளியிட்டவை. மூன்றில் எதுவும் பொய்யன்று. பின் எப்படி மூன்று விடை? நம் நாட்டுச் சோதனை முறைக்கு இரண்டு பகுதி உண்டு. முதற்பகுதி, நகரத்துக்குள் மெல்லச் செல்லும் ஓட்டம். அதை மட்டும் கொண்டு கணித்தது 585. இரண்டாம் பகுதி, மணிக்கு 90 கிலோமீட்டர் வரை வேகம் எட்டும் ஓட்டம். இரண்டையும் சேர்த்துக் கணித்தது 502. உண்மையான சாலையில் பெரும்பாலோர் பெறக்கூடியது இவ்வளவு என்று நிறுவனம் மதிப்பிட்டது 400 முதல் 425.

நாட்டுக்கு நாடும் இந்தச் சோதனை மாறுகிறது. 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிவந்த ஹூண்டாய் கோனா என்னும் மின்சாரக் காருக்கு 39.2 யூனிட் மின்கலம். நம் நாட்டுச் சோதனையில் அது பெற்றது 452 கிலோமீட்டர். அதே அளவு மின்கலம் கொண்ட கோனா ஐரோப்பியச் சோதனையில் பெற்றதோ ஏறத்தாழ 300. எளிய வினாத்தாளில் ஒருவன் தொண்ணூறு வாங்குகிறான். கடிய வினாத்தாளில் வேறொருவன் அறுபது வாங்குகிறான். இருவரில் யார் கெட்டிக்காரன் என்று வினாத்தாளைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? விளம்பரத்தில் ஓர் எண்ணைக் கண்டால், "எந்த வினாத்தாள்?" என்று கேளுங்கள். இதுவே இன்றைய பேச்சின் நடுநாயகமான செய்தி.

எங்கள் பட்டியலில் கர்வ் காருக்கு எதிரே 585 என்று இருந்தது. கிரெட்டாவுக்கு எதிரே 390. விண்ட்சருக்கு எதிரே 331. கர்வ் காரின் எண் முதற்பகுதிச் சோதனையில் வந்தது. விண்ட்சரின் எண் இரு பகுதியும் சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மெல்லிய கோலால் அளந்ததையும் பருத்த கோலால் அளந்ததையும் கலந்த கதைதான். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, மூன்றுக்கும் பொதுவாக ஒரே கோல் வைத்தோம். மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலரை விசாரித்ததில், நெடுஞ்சாலையில், குளிர்சாதனம் ஓட, மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் ஆகிறது என்றார்கள். மின்கலத்தை அடிவரை வற்றவிடுவது அறிவுடைமையாகாது. நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிச்சம் வைத்துக்கொள்வோம். இப்போது விண்ட்சர் ஒரே மூச்சில் போவது ஏறத்தாழ 215 கிலோமீட்டர், கிரெட்டா 240, கர்வ் 310. காருக்குக் கார் சிறிது மாறும் என்றாலும், இவை நம்பிப் பயணம் புறப்படத்தக்க எண்கள். வேகம் கூடினால் இவையும் குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவன் காற்றுக்கே பெரும் கப்பம் கட்டுகிறான்.

இனி நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். மதுரைப் பயணம் 150 கிலோமீட்டர், வேண்டியது 22.5 யூனிட். மூன்று கார்களும் தேறிவிட்டன.

கொடைக்கானல் பயணம் சற்றுச் சுவையான கணக்கு. வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர்; திண்டுக்கல்லுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,850 மீட்டர். கார், ஆட்களோடு 1,800 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையையும் ஈர்ப்பு முடுக்கம் 9.8ஐயும் உயரத்தையும் பெருக்குங்கள். வருகிற ஜூல்களை 36 லட்சத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். விடை 9 யூனிட். ஆக, தூரத்துக்கு 15, உயரத்துக்கு 9, மொத்தம் 24 யூனிட் ஏறுவதற்கு வேண்டும். இறங்கும்போது ஓர் அதிசயம் நிகழ்கிறது. பெட்ரோல் கார் பிரேக்கில் தேய்த்து வெப்பமாக வீணாக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை, மின்சாரக் கார் மோட்டாரையே மின்னாக்கியாக்கி மின்கலத்தில் திரும்பச் சேர்க்கிறது. அந்த 9 யூனிட்டில் பாதியளவு மீண்டாலும், இறங்குவதற்கு 10 அல்லது 11 யூனிட் போதும். போக வர மொத்தம் 35. விண்ட்சரில் மிச்சம் வைத்தது போக இருப்பது 32 யூனிட், போதவில்லை. ஆனால் தம்பி வீட்டில் இரவு தங்கும்போது நான்கு மணி நேரம் மின்னேற்றினால் 12 யூனிட் சேர்ந்துவிடும். குறை இருக்கிறது, அதற்கு மாற்றும் இருக்கிறது.

சென்னைப் பயணமோ 425 கிலோமீட்டர் அளவு. அதற்கு 64 யூனிட் வேண்டும். கர்வ் வழியில் ஒரு முறை மின்னேற்றினால் போய்ச் சேரும். கிரெட்டாவுக்கு ஒரு நீண்ட நிறுத்தமோ இரண்டு குறுகிய நிறுத்தமோ வேண்டும். விண்ட்சருக்கு இரண்டு நிறுத்தம். வேக மின்னேற்று நிலையத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் என்று கொள்ளலாம். இங்கே கர்வ் காரின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. பேரன் துள்ளினான்: "பார்த்தீர்களா தாத்தா, நான் சொன்னது சரிதானே?" என்றான். "சரிதான். ஆண்டில் எத்தனை நாள் சென்னைச் சாலையில் இருக்கிறோம்?" என்று கேட்டேன். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், ஆக நான்கு. "நான்கு நாளின் வசதிக்காக முந்நூற்று அறுபத்தொரு நாளும் சுமக்க வேண்டுமா? திண்டுக்கல்லில் வைகை விரைவு வண்டி நிற்பதில்லையா?" என்றேன். சென்னைக்கு வாரந்தோறும் காரில் செல்லும் வணிகர் ஒருவருக்கு இதே கணக்கு வேறு விடை தரும். அவருக்குக் கர்வ் காரே ஏற்றதாகலாம். கார் மாறவில்லை, கணக்கு மாறவில்லை. நோட்டுப் புத்தகம் மாறியது.

அடுத்தது விலை. அறிமுகமானபோது கிரெட்டாவின் தொடக்க விலை 17 லட்சத்து 99 ஆயிரம். கர்வ் காரில் சிறிய மின்கலத்தின் தொடக்க விலை 17 லட்சத்து 49 ஆயிரம். 55 யூனிட் வகை அதற்கும் மேல். விண்ட்சரின் அறிமுக விலை 13 லட்சத்து 49 ஆயிரம். அதில் ஒரு புதுமையும் இருந்தது. மின்கலத்தை விலைக்கு வாங்காமல், காரை மட்டும் 9 லட்சத்து 99 ஆயிரத்துக்கு வாங்கி, மின்கலத்துக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை கொடுக்கலாம் என்றார்கள். பத்து லட்சத்துக்குக் குறைவாகக் கார் என்றதும் யாருக்கும் மனம் மயங்கும். கணக்குப் போடுவோம். இரண்டு விலைக்கும் வேறுபாடு மூன்றரை லட்சம். அதை மூன்றரை ரூபாயால் வகுத்தால் சரியாக ஒரு லட்சம் கிலோமீட்டர். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவனுக்கு வாடகை நட்டம். குறைவாக ஓட்டுகிறவனுக்கு ஓரளவு இலாபம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு அந்த எல்லை பத்தாம் ஆண்டில் வருகிறது. ஆனால், ஒப்பந்தத்தில் மாதத்துக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்கு வாடகை கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்? மாதம் 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நான் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆண்டுக்கு 63,000 ரூபாய் போய்விடும். ஆறாம் ஆண்டுக்குள் அந்த மூன்றரை லட்சமும் கரைந்துவிடும். பெரிய எழுத்தில் அச்சிட்டதைக் கண் தானாகப் படிக்கும். சிறிய எழுத்தில் அச்சிட்டதை அறிவுதான் தேடிப் படிக்க வேண்டும்.

ஓட்டும் செலவைப் பார்த்தால், மூன்று மின்சாரக் கார்களுக்குள் வேறுபாடு சிறிது. பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் வேறுபாடு பெரிது. என் பழைய கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடியது. லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டாலும் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல். வீட்டில் யூனிட் ஒன்பது ரூபாய் என்று கொண்டு, மின்னேற்றும்போது இழப்பாகும் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்தால், மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். வழியில் உள்ள வேக மின்னேற்று நிலையங்களில் இதைப் போல் இரு மடங்கு ஆகலாம். ஆகவே, வீட்டில் மின்னேற்ற வசதி உடையவனுக்கே இந்த இலாபம் முழுமையாகக் கிட்டும்.

வீட்டில் மின்னேற்றுவது என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. சோதனைக்காக நண்பர் ஒருவரின் மின்சாரக் காரை இரண்டு நாள் இரவலாகப் பெற்று வந்தேன். தாழ்வாரத்தில் இருந்த பெரிய செருகுவாயில் மின்னேற்றியைச் செருகிவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஏதோ கருகும் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், செருகுவாய் தொட முடியாத சூடு. காரின் குற்றம் அன்று, என் குற்றம். செருகுவாய் 15 ஆம்பியருக்கு உரியதுதான். சுவருக்குள் இருந்த கம்பியோ விளக்குக்குப் போட்ட மெல்லிய பழங்கம்பி. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் பாய்ந்தால் மூன்று கிலோவாட். தண்ணீர்ச் சூடேற்றி அதே அளவு இழுக்கும். ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் பத்து மணி நேரம் இடைவிடாது இழுக்கும். உடனே மின்பணியாளரை அழைத்து, மின்னளவியிலிருந்து தனிக் கம்பியும் நல்ல நிலத்தொடர்பும் போடச் செய்தேன். எந்தக் காரின் விலைப்பட்டியலிலும் இந்தச் செலவு இல்லை; ஆனால் எல்லாக் காருக்கும் உரிய செலவு இது.

மின்கலத்தின் ஆயுளைப் பற்றியும் ஒரு சொல். 2001ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து ரேவா என்னும் சின்னஞ்சிறு மின்சாரக் கார் வெளிவந்தது. அதில் இருந்தது ஈய அமில மின்கலம். ஒரு மின்னேற்றத்தில் ஓடியது 80 கிலோமீட்டர் அளவு. இன்றைய கார்களில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவர் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அதிலும் இரு பெரும் வகை உண்டு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்டு சேர்ந்தது ஒன்று. எடை குறைவு, கொள்ளும் ஆற்றல் மிகுதி. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது மற்றொன்று. எடை சற்று மிகுதி, ஆனால் வெப்பத்தைத் தாங்கும் திறனும், பலமுறை மின்னேற்றித் தீர்க்கும் ஆயுளும் கூடுதல். இந்த இரண்டாவது வகையை 1997இல் உலகுக்கு அறிவித்த ஆய்வில், குட்இனஃபுடன் பாதி, நஞ்சுண்டசுவாமி என்னும் நம்மவர் பெயர்களும் இருப்பதை மாணவர்கள் அறிய வேண்டும். விண்ட்சரில் இருப்பது இந்த இரும்பு பாஸ்பேட்டு வகை. வெயில் காயும் நம் ஊருக்கு அது ஒரு தகுதி என்று குறித்துக்கொண்டோம். மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் பொறுப்புறுதி தருவது பொதுவாக வழக்கத்தில் உள்ளது. எவ்வளவு தேய்ந்தால் மாற்றித் தருவார்கள், இரண்டாவது உரிமையாளருக்கும் அது உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது.

"மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது, காற்றுக்கு என்ன நன்மை?" என்று என் பழைய சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருவதுதான். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோகிராம் கரியமில வாயு. அப்படியும், 100 கிலோமீட்டருக்கு மின்சாரக் கார் பொறுப்பாவது 11, 12 கிலோகிராமுக்கு. என் பெட்ரோல் காரோ 16 கிலோகிராமுக்கு மேல். வேறுபாடு உண்டு, விளம்பரம் சொல்லும் அளவு பெரிதன்று. பெரிய மின்கலத்தைச் செய்வதற்கே மிகுந்த ஆற்றல் செலவாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தேவைக்கு மேற்பட்ட மின்கலத்தைச் சுமந்து திரிவது இயற்கைக்குச் செய்யும் உதவி ஆகாது.

கணக்கெல்லாம் முடிந்தபின் மூன்று கடைகளுக்கும் துணைவியாரை அழைத்துச் சென்றோம். மின்சாரக் கார்களில் மின்கலம் தரைக்கு அடியில் இருப்பதால், சிலவற்றில் உட்காரும்போது முழங்கால் உயர்ந்துவிடுகிறது. இதை எந்தப் பட்டியலும் சொல்லாது. மூட்டு வலி உடையவர்தாம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காரிலும் ஏறி, ஐந்து நிமிடம் அமர்ந்து, இறங்கிப் பார்த்தார். பின் இருக்கையைச் சாய்த்துக்கொள்ளும் வசதி விண்ட்சரில் அவருக்குப் பிடித்திருந்தது. வீடு திரும்பும் வழியில்தான் மெல்லச் சொன்னார்: "என்னங்க, மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். கார் வாங்கப் பணம் வேண்டுமே என்றுதான் நான் உங்களிடம் சொல்லவில்லை."

காருக்குள் சிறிது நேரம் பேச்சில்லை. மூன்று மாதம் நோட்டுப் புத்தகம் எழுதிய எனக்கும், இருபது தலைப்பில் மதிப்பெண் போட்ட என் பேரனுக்கும் தெரியாத ஒரு தலைப்பு அது. எந்த மருத்துவமனைக்கு வசதியாகப் போவதற்காகக் கார் தேடினோமோ, அந்த மருத்துவத்தையே கார் தள்ளிப்போட்டிருந்தது. அன்றிரவு பேரன் தன் பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு தாள் எடுத்தான். முதல் வரியில், "பாட்டியின் அறுவைச் சிகிச்சை" என்று எழுதினான்.

விண்ட்சரையே, மின்கலத்தோடு சேர்த்து, வாங்கினோம். மற்ற இரண்டையும் விட ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் மிஞ்சியது. அறுவைச் சிகிச்சைக்கு அந்தப் பணம் உதவிற்று. அவர் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். கொடைக்கானலுக்கு ஒருமுறை போய் வந்தோம். தம்பி வீட்டில் இரவு மின்னேற்றிக்கொண்டோம். சென்னைக்கு இரயிலில் போனோம்.

நான் வாங்கியதை நீங்களும் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறையில் விலையும் வகையும் ஆண்டுதோறும் மாறுகின்றன. 2025 ஆகஸ்டில் நம் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நான் சொன்ன எண்கள் நாளை பழையனவாகிவிடும். முறை பழையதாகாது. முதலில் உங்கள் தேவையை அளந்து எழுதுங்கள். பிறகு ஒரே கோலால் எல்லாவற்றையும் அளவுங்கள். எண்ணைக் கண்டால் அது எந்த வினாத்தாளில் வாங்கியது என்று கேளுங்கள். கடைசியாக, யாருக்காக வாங்குகிறோமோ அவரைக் கேளுங்கள். அவர் தாமாகச் சொல்லாததையும் கேளுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். சாலையிலே போடுவதற்கும் அதுவே பொருந்தும்.